பொன்தட்டும் பரிபாடலும்: விண்ணுக்கு அனுப்பப்பெற்ற இசைத்தொகை பற்றிய ஒரு நோக்கு

1

தொகைநூல் ஒன்றை ஆராயப் புகுவோர் அதன்கண் உள்ள பாடல்களை நோக்குவதோடு அமைவதில்லை. அது யாரால், யாருக்காக, எந்நெறி பற்றித் தொகுக்கப்பட்டது என வினவுதலும் மரபு. எட்டுத்தொகை நூல்கள் சிலவற்றுக்குத் தொகுத்தார் பெயரும் தொகுப்பித்தார் பெயரும் கிடைத்துள்ளன. அடியளவு கொண்டும் திணை கொண்டும் யாப்புக் கொண்டும் பாடல்கள் வகுக்கப்பட்டுள்ளமையை அந்நூல்களே காட்டுகின்றன. தொகுத்தல் என்பது தெரிதலாகும். தெரிதல் என்பது வெளிப்படையாக எழுதப்படாத ஒரு விமர்சனமாகும். எஞ்சியது எது என்பதைப் போலவே விடுபட்டது எது என்பதும் தொகுத்தோரின் காலத்தையும் நோக்கையும் உணர்த்துவதாகும்.

இந்த வினாக்களை நம் காலத்துத் தொகையொன்றின்மீது செலுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1977ஆம் ஆண்டு ஓகஸ்ற் 20ஆந் திகதி வொயேஜர் 2 விண்கலமும், செப்ரெம்பர் 5ஆந் திகதி வொயேஜர் 1 விண்கலமும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து ஏவப்பட்டன. கோள்களை ஆராய்வதே அவற்றின் பணி. ஆயின், அப்பணி முடிந்தபின் அவை ஞாயிற்றுத் தொகுதியைக் கடந்து திரும்பாவழிச் செல்லும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. ஆதலின் ஒவ்வொன்றிலும் பொன்முலாம் பூசிய செப்புத்தட்டு ஒன்று பொருத்தப்பட்டது. பன்னிரண்டு அங்குல விட்டமுடைய அத்தட்டில் ஏறத்தாழ 90 நிமிட இசையும், 55 மொழிகளில் வாழ்த்துரைகளும், பூமியின் ஒலிகளும், நூற்றுக்கு மேற்பட்ட படங்களும் பதியப்பட்டன. வேற்றுலகில் அறிவுடைய உயிர்கள் இருப்பின், அவை என்றேனும் கண்டெடுத்துக் கேட்கட்டும் என்பதே எண்ணம். வானியலறிஞர் கார்ள் சேகன் தலைமையில் பிராங் டிறேக், ஆன் ட்றூயன், திமோதி பெரிஸ், ஜோன் லொம்பேர்க், லிண்டா சால்ஸ்மன் சேகன் ஆகியோர் சில மாத கால எல்லைக்குள் இதனைச் செய்து முடித்தனர்.

வொயேஜர் 1, 2012ஆம் ஆண்டிலும் வொயேஜர் 2, 2018ஆம் ஆண்டிலும் விண்மீனிடைவெளியை அடைந்தன. முன்னது இன்று 2400 கோடி கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. எனினும் வேறொரு விண்மீனுக்கு ஓரளவேனும் அண்மையில் அது செல்வதற்கு ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் வேண்டும். எனவே, இத்தொகையை இதுவரை கேட்டோர் அனைவரும் மனிதரே. வேற்றுலகினருக்கு எனப் பெயரிடப்பட்ட இத்தொகை, 1977ஆம் ஆண்டில் மனிதர் சிலர் மனிதகுல இசையை எவ்வாறு கருதினர் என்பதற்குச் சான்றாக நம் முன்னே இருக்கிறது. அந்த அளவில் அது விமர்சனத்துக்குரியது.

2

தட்டில் இடம்பெற்ற இசை உருப்படிகள் இருபத்தேழு. அவற்றுள் ஐரோப்பியச் செவ்விசை மரபைச் சார்ந்தவை எட்டு. பாக்கின் ஆக்கங்கள் மூன்று, பீதோவனின் ஆக்கங்கள் இரண்டு, மோசாற், ஸ்ராவின்ஸ்கி, ஹோல்போர்ண் ஆகியோருடையவை ஒவ்வொன்று. லூயி ஆம்ஸ்ரோங், சக் பெரி, பிளைன்ட் வில்லி ஜோன்சன் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் மூவரின் இசையும் உண்டு. யாவாவின் கமலான், செனகலின் முழவிசை, சயர் நாட்டுச் சிறுமியரின் சடங்குப் பாடல், அவுஸ்திரேலிய ஆதிவாசிகளின் பாடல்கள், யப்பானியப் புல்லாங்குழல், ஜோர்ஜியாவின் கூட்டுப்பாடல், நவாகோ மக்களின் இராச்சடங்குப் பாடல், பெரு நாட்டுத் திருமணப் பாடல், பல்கேரிய நாட்டார் பாடல், சொலமன் தீவுக் குழலிசை முதலியன பிற. இவற்றுள் மிக நீண்டது சீன நாட்டின் ஏழுதந்திக் கருவியில் குவான் பிங்கு வாசித்தது. அது ஏழரை நிமிடத்துக்குச் சற்று மேற்பட்டது.

ஐரோப்பிய இசையே உலக இசை என்ற எண்ணம் மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அந்தச் சூழலில் பப்புவா நியூகினியின் ஊர்மன்றப் பாடலையும் பீதோவனின் ஐந்தாம் சிம்பொனியையும் ஒரே தட்டில் பதித்தமை துணிவான செயலேயாகும். நாட்டாரிசை ஆய்வாளர் அலன் லோமாக்ஸ் போன்றோரின் ஆலோசனை இதற்குத் துணைபுரிந்தது. ஆயினும் நேர்மையான வாசகர் ஒன்றைக் கவனிக்காதிருத்தல் இயலாது. பாக், பீதோவன், மோசாற் என ஐரோப்பிய இசை ஆக்கியோர் பெயராற் சுட்டப்படுகிறது. பெரு, செனகல், நியூகினி முதலியவற்றின் இசையோ பெரும்பாலும் நாட்டுப் பெயராலும் இனக்குழுப் பெயராலும் சுட்டப்படுகிறது. ஓரிடத்தில் தனிமனித ஆளுமை. மற்றோரிடத்தில் பெயரற்ற சமுதாயம். நாட்டாரிசைக்கு ஆசிரியர் பெயர் இல்லாமை இயல்பே எனலாம். ஆனால் அதனைப் பாடியோருக்குப் பெயர் உண்டு. இந்த வேறுபாடு தொகுத்தோர் வேண்டுமென்று செய்ததன்று. இசைத்தட்டுகளும் களப்பதிவுகளும் ஏற்கெனவே அவ்வாறு பெயரிடப்பட்டிருந்தன. தொகுப்போர் தமக்கு முன்னர் ஆவணப்படுத்தியோரின் நோக்கையும் தம்மையறியாது தொகுத்துவிடுகின்றனர்.

3

இந்தியாவிலிருந்து ஒரே ஓர் உருப்படியே சென்றது. அது கேசர்பாய் கேர்க்கர் பாடிய 'ஜாத் கஹான் ஹோ' என்னும் பைரவி இராகப் பாடல்; மூன்றரை நிமிட அளவினது; இருபத்தேழனுள் இருபத்தைந்தாவதாக அமைந்தது. கோவாவில் கேரி என்னும் ஊரில் 1892ஆம் ஆண்டு பிறந்த கேசர்பாய், ஜெய்ப்பூர் – அத்ரௌலி மரபின் தலைவரான அல்லாதியாகானிடம் பல்லாண்டு பயின்றவர். 1969ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றவர். பைரவி இந்துஸ்தானி அரங்குகளில் நிகழ்ச்சியின் நிறைவிற் பாடப்பெறுவது வழக்கம். கருநாடக இசையில் பைரவி எனப்படுவது வேறு. இந்துஸ்தானிப் பைரவியின் சுரநிலைகள் நம் அனுமத்தோடிக்கு நேரானவை. இராசரத்தினம்பிள்ளையின் நாகசுரத் தோடியிற் பழகிய யாழ்ப்பாணத்துச் செவி, சுரத்தானம் ஒன்றாயிருப்பினும் கமகமும் நடையும் மாறும்போது இராகம் வேறாதலை உடனே உணரும். வேற்றுலகச் செவி அந்த வேறுபாட்டை எதைக்கொண்டு உணரும் என்பது பின்னர் நோக்கப்படும்.

இத்தெரிவை வலியுறுத்தியவர் றொபேட் பிறவுண் என்னும் இசையியலாளர். அவர் கருநாடக இசையை அறியாதவரல்லர். மிருதங்கம் பயின்று, தென்னிந்திய மிருதங்க வாசிப்பையே தமது கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்துவான் ரங்கநாதன் கற்பிக்க வழிசெய்தவரும் அவரே. ஆகவே, தென்னக இசை தட்டில் இல்லாமைக்கு அறியாமையைக் காரணங்காட்டுதல் பொருந்தாது. இரு மரபையும் அறிந்த ஒருவர், தாம் கேட்டவற்றுள் உயர்ந்தது எனக் கருதியதைப் பரிந்துரைத்தார். அது விமர்சகரின் உரிமை.

நாம் மனங்கொள்ள வேண்டியது மற்றொன்று. கேசர்பாய் ஒலிப்பதிவில் அதிகம் நாட்டங் காட்டியவரல்லர். வானொலியைத் தவிர்த்தவர் என்றும் கூறுவர். அரங்கில் மணிக்கணக்காக விரிந்த அவரது கலை, கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏற்பச் சுருங்கிய வடிவிலேயே பெரிதும் எஞ்சியது. விண்ணுக்குச் சென்றது அந்தச் சுருங்கிய வடிவமே. அந்தத் தட்டும் 1977இல் எளிதிற் கிடைக்கவில்லை. தேடியலைந்தபின் நியூயோர்க் நகரில் இந்தியக் குடும்பமொன்று நடத்திய மின்பொருட்கடையிற் கண்டெடுக்கப்பட்டது. ஒரு பெருமரபு விண்மீன்களை நோக்கிச் செல்வதற்குக் கடையொன்றில் எஞ்சியிருந்த சில பிரதிகளே வாயிலாயின. வொயேஜர் 1 ஏவப்பட்டுப் பதினொரு நாட்களின் பின், செப்ரெம்பர் 16ஆந் திகதி, கேசர்பாய் காலமானார். அவருடைய குரல் அப்பாற் செல்ல, அவரறிந்தவற்றுள் பதியப்படாதது அவரோடு மறைந்தது. ஒலியாகப் பதியப்பட்டதே தொகுக்கப்படும்; பதியப்படாத இசையைத் தெரிவுசெய்ய எத்துணை நல்லெண்ணம் படைத்தவராலும் இயலாது.

4

பெறுவோர் இதனை எவ்வாறு கேட்பர்? தட்டின் அலுமினிய உறையில் இயக்கமுறை வரைபடமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஊசியை எங்கு வைப்பது, தட்டை எவ்வேகத்திற் சுழற்றுவது என்பன அதிலுண்டு. மனிதரின் மணியும் நிமிடமும் பிறருக்கு விளங்கா ஆதலின், ஐதரசன் அணுவின் நிலைமாற்றத்துக்குரிய காலமே அலகாகக் கொள்ளப்பட்டது. ஞாயிற்றின் இருப்பிடம் பதினான்கு துடிவிண்மீன்களை அடையாளமாகக்கொண்டு காட்டப்பட்டது. தட்டின் வயதைக் கணிக்க யுரேனியமும் உறையில் இடப்பட்டது. ஒலியை எழுப்புவதற்கான திறவுகோல் இவ்வாறு மிக்க நுட்பத்தோடு அமைக்கப்பட்டுள்ளது.

ஒலியை எழுப்புதல் வேறு, இசையை உணர்தல் வேறு. கேசர்பாயின் குரல் ஒலிக்கும்போது, அதன்கண் ஆதார சுருதி எது, சுரங்கள் எவை, எது இராகத்தின் இயல்பு, எது அக்கணத்துக் கற்பனை என்பவற்றைக் காட்டும் குறிப்பு எதுவும் உடன்செல்லவில்லை. ஆனால் தட்டின் படங்களுள் இறுதியில் உள்ளவை இரண்டு: ஒன்று தந்திக்கருவிக் கலைஞர் நால்வரைக் காட்டுவது, மற்றது வயலினையும் பீதோவனின் நால்வர் இசையொன்றின் 'கவாற்றினா' பகுதிக்குரிய சுரலிபித் தாளையும் காட்டுவது. அதே 'கவாற்றினா' தட்டின் இறுதி உருப்படியாக ஒலிக்கிறது. ஒலி, அதன் எழுத்துவடிவம், அதனை எழுப்பும் கருவி ஆகிய மூன்றும் ஒருங்கு வழங்கப்பட்ட இசை அதுவொன்றே. அறிவுக்கூர்மையுள்ள ஒருவர் மூன்றையும் ஒப்புநோக்கி, இவ்விசையின் அமைப்பை ஓரளவு கண்டறியலாம். நாசா நிறுவனத்தோடு தொடர்புடைய அமெரிக்கக் காங்கிரஸ் குழுக்களின் உறுப்பினர் பெயர்களும் படமாகச் சென்றன. பாடியோர் பெயர்களைத் தாங்கிய படம் எதுவும் பட்டியலில் இல்லை.

இத்தட்டுக்கு நேர்மாறான ஒன்று நம்மிடம் உண்டு, அதுவே பரிபாடல். எழுபது என்று சொல்லப்படும் பாடல்களுள் இருபத்திரண்டே முழுமையாகக் கிடைத்துள்ளன. 1918ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் அவற்றைப் பதிப்பித்தார். அவற்றுட் பெரும்பாலானவற்றின் ஈற்றில், பாடல் இயற்றியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் குறிக்கப்பட்டுள்ளன. நல்லந்துவனார் பாடிய ஆறாம் பாடலுக்கு மருத்துவன் நல்லச்சுதனார் இசை வகுத்தார் என்பதும், அதன் பண் பாலையாழ் என்பதும் நமக்குத் தெரியும். பெட்டனாகனார், நன்னாகனார், கண்ணனாகனார் என்னும் இசையாசிரியர் பெயர்கள் அக்குறிப்புகளாலேயே வாழ்கின்றன. இசை வகுத்தவனைப் புலவனுக்கு ஒப்பப் பெயர் சுட்டிப் போற்றிய அத்தொகை மரபின் பண்பாடு வியக்கத்தக்கது. ஆனால், நல்லச்சுதனார் வகுத்த இசை எவ்வாறு ஒலித்தது என்பதை இன்று யாரும் கூறவியலாது. பெயர் உண்டு, பண் உண்டு, பாட்டு உண்டு, ஒலி இல்லை.

ஏழாம் நூற்றாண்டளவினதான குடுமியான்மலைக் கல்வெட்டும் இத்தகையதே. சுர எழுத்துக்கள் பாறையில் அழியாது நிற்கின்றன. எனினும், ஒரே சுரத்தைக் குறிக்கும் எழுத்து வெவ்வேறு உயிரொலிகளோடு எழுதப்பட்டமையின் பொருள் பற்றி ஆராய்ச்சியாளர் இன்றும் ஒருமித்திலர். சிலப்பதிகார அரங்கேற்றுகாதைக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் காலத்திலேயே பழைய இசைநூல்கள் பல மறைந்துவிட்டன. அவ்வுரையையும் பிற சான்றுகளையும் துணையாகக் கொண்டு, காரைதீவில் தோன்றிய விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து யாழ்நூலை ஆக்கி 1947ஆம் ஆண்டு அரங்கேற்றினார். கண்ணாற் காணாத கருவிகளையும் செவியாற் கேட்டிராத பாலைகளையும் சொற்களிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டுருவாக்க அவர் முயன்றார். வேற்றுலகத்து அறிஞர் ஒருவர் பொன்தட்டை முன்வைத்துச் செய்யவேண்டிய பணி இதனின் வேறன்று. சங்ககால இசைவாணருக்கு நாமே வேற்றுலகினர் எனக் கூறுதல் மிகையாகாது.

இரண்டையும் அருகருகே வைக்கும்போது உண்மையொன்று புலனாகும். குறிப்பு இருந்தும் ஒலி இல்லாதது பரிபாடல். ஒலி இருந்தும் குறிப்பு இல்லாதது கேசர்பாயின் பைரவி. இசையாகக் கைமாற்றப்படுவதற்கு ஒலி, குறிப்பு ஆகிய இரண்டும் வேண்டும். மூன்றாவதாக, இரண்டையும் இணைத்துச் சொல்லித்தரும் ஆசிரியரும் வேண்டும். விண்கலம் மூன்றாவதை ஏற்றிச் செல்லவியலாது. அதனால், ஏனைய இரண்டையும் ஓர் உருப்படிக்கு வழங்கிப் பிறவற்றுக்கு வழங்காமையே இத்தொகையின் தலையாய குறை என்பது எமது கருத்து. இடப்பற்றாக்குறையை இதற்குச் சமாதானமாகக் கூறலாம். ஆனால் ஒரு படம் பீதோவனுக்கு ஒதுக்கப்பட்டபோது, ஒரு படம் தம்புராவுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கலாம்.

5

வாழ்த்துரைகளைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். 55 மொழிகளுள் இந்தி, வங்காளம், உருது, பஞ்சாபி, குசராத்தி, மராத்தி, ஒரியா, இராசத்தானி, தெலுங்கு, கன்னடம் ஆகியன உள்ளன. 'ஆயுபோவன்' என்னும் சிங்கள வாழ்த்தும் உண்டு. வழக்கொழிந்து ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட சுமேரியம், அக்காடியம், ஹிற்றைற் ஆகியனவும் உண்டு. தமிழ் இல்லை.

இதனை அறியும் தமிழ் வாசகர் மனம் நோவது இயல்பே. எனினும், திட்டமிட்ட புறக்கணிப்பு என இதனைக் கொள்வதற்கு ஆதாரமில்லை. வாழ்த்துரைகள் பெரும்பாலும் கோணெல் பல்கலைக்கழகத்தில், குறுகிய காலத்தில், அங்கும் அயலிலும் இருந்தோரைக் கொண்டு பதியப்பட்டன. பண்டை மொழிகளைப் படிக்கும் பேராசிரியர் அங்கிருந்தமையால் மறைந்த மொழிகள் பேசின. உலகில் மிகுதியாகப் பேசப்படும் மொழிகளை முதலிற் சேர்ப்பதே நோக்கமாயிருந்தும், கோடிக்கணக்கானோர் பேசும் தமிழ் விடுபட்டது. கேசர்பாயின் தட்டுக் கடையில் இருந்தமையாற் சென்றதும், தமிழ் அழைக்கப்படாமையால் தங்கியதும் ஒரே வகை நிகழ்வுகள். ஆவணம் கையருகே இருப்பின் அது தெரிவுசெய்யப்படும்; இல்லையேல் அதன் பெருமையை எத்துணை உரத்துச் சொல்லினும் பயனில்லை. மொழியின் தொன்மை ஒருபோதும் தானாகத் தட்டில் ஏறுவதில்லை.

6

இங்ஙனம் நோக்குமிடத்து, பொன்தட்டுப் பற்றிய விமர்சனம் நம்மீதே திரும்புகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு நாகசுர, தவில் இசைக்குத் தனிச்சிறப்புடைய நிலமாகும். 1975ஆம் ஆண்டு மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் புகழ் தமிழகமெங்கும் பரவியது. அவர் திருவிழா வீதிகளில் இரவிரவாக வாசித்தவற்றோடு ஒப்பிடுகையில், ஒலிப்பதிவாக எஞ்சியிருப்பது மிகச் சிறிதே. வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் நிலையும் வேறன்று. பேராசிரியர் வித்தியானந்தன் முதலியோர் முயற்சியாற் கூத்துப் பனுவல்கள் சில அச்சேறின. பனுவல் அச்சில் நிற்பினும், தருவின் ஓசை அண்ணாவியாரின் மிடற்றிலேயே உள்ளது.

அழிவு இயற்கையால் மட்டும் வருவதன்று. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. ஒரே பிரதியாக ஒரே இடத்தில் இருப்பது எதுவும் பாதுகாக்கப்பட்டதாகாது என்பதை நாம் பெருவிலை கொடுத்துக் கற்றோம். வொயேஜர் தட்டுங்கூட இரு கலங்களில், இரு திசைகளில் அனுப்பப்பட்டது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தபோது செய்ததும் இதுவே: கரையானுக்கு இரையாகவிருந்த சில ஏடுகளை நூற்றுக்கணக்கான அச்சுப்படிகளாக்கினார்.

நம் காலத்தில் ஒலிக்கும் அத்தகைய பணி வேண்டும். வீடுகளிலும் கோயில்களிலும் ஒலிப்பதிவு நாடாக்கள் பல கிடக்கின்றன. அவற்றுட் பலவற்றின் மேல் வாசித்தவர் பெயரோ ஊரோ ஆண்டோ எழுதப்படவில்லை. அவை கேசர்பாயின் பைரவியைப் போல்வன. மறுபுறத்தில், பழைய திருவிழா அறிவித்தல்களில் நாகசுர, தவில் வித்துவான்களின் பெயர்கள் நாள்வாரியாக அச்சாகியுள்ளன. அன்று எழுந்த ஒலி இல்லை. அவை பரிபாடலின் ஈற்றுக்குறிப்பைப் போல்வன. இவ்விரண்டையும் ஒன்றுசேர்க்கும் பணியைச் செய்வதற்கு விண்கலமோ பொன்முலாமோ வேண்டியதில்லை. நாடாவை எண்ணிம வடிவிற்கு மாற்றி, வாசித்தவரையோ அவருடன் இருந்தவரையோ அருகிருத்திக் கேட்பித்து, இராகம், தாளம், உருப்படி, இடம், ஆண்டு, உடன்வாசித்தோர் பெயர் என்பவற்றை எழுதிக்கொள்ள ஒரு மாணவரும் ஒரு குறிப்பேடும் போதும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து அச்சேடுகளுக்கு இத்தகைய பணியைச் செய்து, பின்னர் ஒலி, ஒளி ஆவணங்களுக்கும் விரிந்துள்ளது. திருநெல்வேலியிற் பல்கலைக்கழகமும் மருதனார்மடத்தில் இசை பயிற்றும் இராமநாதன் நுண்கலைப் புலமும் அமைந்திருக்கும் இச்சூழலில், செய்வதற்கு ஆளில்லை எனக் கூறுதல் பொருந்தாது. குறிப்பைச் சொல்லக்கூடிய மூத்த கலைஞர்களே நாளுக்குநாள் குறைந்து வருகின்றனர்.

இசை என்னும் சொல்லுக்குத் தமிழிற் புகழ் என்னும் பொருளும், இணங்குதல் என்னும் பொருளும் உண்டு. ஒலித்தவன் பெயரும் ஒலியும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும்போதே அது முழுமையாக இசையாகிறது. பொன்தட்டைத் தொகுத்தோர் தமக்குக் கிடைத்ததை நூறு கோடி ஆண்டுகள் நிலைக்கும் வகையில் அனுப்பினர். அவர்களது முயற்சி பாராட்டத்தக்கது. மீண்டும் ஒரு தொகை எங்கேனும் தொகுக்கப்படுமாயின், நம்மிடம் கேட்கப்படும் முதல் வினா நம் இசை எத்துணைப் பழையது என்பதாயிராது. அதன் பதிவு எங்கே, அதனை வாசித்தவர் யார் என்பதாகவே இருக்கும். அதற்கு விடைகூற ஆயத்தமாயிருத்தல் இசையாய்வாளரின் கடமை.